சார்ஜ் இல்லண்ணே

அவன் பேரை இங்கே எழுதப்போவதில்லை. செஞ்சியிலும் சுற்றுப்பட்டிலும் எத்தனையோ பேர் கையிலும் நெஞ்சிலும் கழுத்திலும் அடுத்தவர் பேரை எழுதிவிட்டவன் அவன். அவன் பேராவது எங்கேயும் எழுதப்படாமல் இருக்கட்டும். கேட்டால் அவனே, "எழுதிக்கோங்கக்கா, இதுல இன்னா இருக்குது" என்பான். அதனால்தான் கேட்கவில்லை.

திருவண்ணாமலை ரோட்டில் ஒரு உரக்கடையின் மாடியில் என் பியூட்டி பார்லர். ஒரே நீள ஹால். நடுவில் ப்ளைவுட் அடித்து ரோட்டைப் பார்த்த பாதியை எனக்கும், பின்பாதியை அவனுக்கும் விட்டிருந்தார் மாடிக்குச் சொந்தக்காரர். பின்பாதிக்கு ஜன்னல் கிடையாது. தனி வழியும் கிடையாது. என் கடைக்குள் நுழைந்துதான் அவன் கடைக்குப் போகவேண்டும். டாட்டூ கடை வைக்கப்போகிறவன் இப்படி ஒரு பொந்தை எடுப்பானா என்று முதல் நாளே கேட்டேன். "ஓனர் ரொம்ப வற்புறுத்திக் கேட்டாருக்கா, எப்படி வேணாம்னு சொல்றது" என்றான். வாடகைக்கு வந்தவன் சொல்லும் பதிலா இது? அந்த ஒரு பதிலில் அவன் மொத்தமும் இருந்தது. எனக்குத்தான் புரிந்துகொள்ள நாளானது.

முகத்தில் ஃபேஸ்பேக் பூசிக் கண்ணை மூடிப் படுத்திருக்கும் பெண்களைத் தாண்டி, சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு ஆம்பிளைகள் நடந்து போனால் என் பிழைப்பு என்ன ஆவது? ஒரு ஓரமாகத் திரைச்சீலை கட்டி அவனுக்கு ஒரு சந்து விட்டேன். அந்தச் சந்தில் அவன் எப்போதும் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டே போவான். தாராளமாக நடக்க இடம் இருந்தது. ஆனாலும் அப்படித்தான் போவான்.

அப்போது அவனிடம் இருந்தது வயர் மிஷின். மேசைமேல் ஒரு கரண்ட் பெட்டி, அதிலிருந்து மிஷினுக்கு ஒரு வயர், காலால் அமுக்குகிற பெடலுக்கு இன்னொரு வயர். நடுவில் இவன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவன் மாதிரி. பாத்ரூம் போகக்கூட அத்தனையையும் தாண்டித்தான் எழுந்திருக்கவேண்டும். இரண்டு கடைக்கும் ஒரே லைன் வேறு. நான் ஹேர் டிரையரைப் போட்டால் பலநாள் ட்ரிப் ஆகிவிடும். அந்தப் பக்கம் எவன் கையிலாவது பாதி எழுத்தில் ஊசி நின்றுவிடும். வேறு யாராக இருந்தாலும் ப்ளைவுட்டைத் தட்டிக் கத்தியிருப்பார்கள். இவன் மெதுவாக, "அக்கா" என்பான். அவ்வளவுதான். டிரையரை நிறுத்துங்கள் என்று சொல்லமாட்டான். நானாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

அவன் வாயில் அதிகம் வந்த வார்த்தை "பண்ணிடலாம்". சிங்க முகம் வேண்டும் என்றால் பண்ணிடலாம். செஞ்சிக் கோட்டை ராஜா குதிரைமேல் பாய்கிற மாதிரி முதுகு முழுக்க வேண்டும் என்றால் பண்ணிடலாம். மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகிறவர்கள் அங்காளம்மனையும், வேளாங்கண்ணிக்கு நடக்கிற எங்கள் ஆட்கள் சிலுவையையும் கேட்பார்கள். எல்லாம் பண்ணிடலாம்தான். கபடி டீம் பசங்க ஒருமுறை மொத்தமாக வந்து ஒரே மாதிரி புலி போடச் சொன்னார்கள். பாதி பேருக்குப் போட்ட பிறகு, ஜெயிக்கட்டும், அப்புறம் காசு தர்றோம் என்றார்கள். அதற்கும் அதேதான். அவர்கள் எங்கே ஜெயித்தார்கள்?

மாடிக்காரர் அவனைக் கூலியில்லாத வேலையாள் ஆக்கியிருந்தார். கேஸ் சிலிண்டர் தூக்குவது, கார் கழுவுவது, வாரச் சந்தைக்கு அவலூர்பேட்டை வரை வண்டி ஓட்டுவது. நானும் சும்மா இல்லை. வேக்ஸ் தீர்ந்தாலும் புருவம் எடுக்கிற நூல் தீர்ந்தாலும் அவன்தான் போய் வாங்கி வருவான். ஒருநாள் கேட்டேன், யாருக்குமே உனக்கு மாட்டேன் என்று சொல்ல வராதா என்று. சித்தப்பா வீட்டில் வளர்ந்தானாம். அந்த வீட்டில் மாட்டேன் என்றால் அன்றைக்குத் தட்டு வைக்கமாட்டார்களாம். சிரித்துக்கொண்டே சொன்னான். சொல்லிவிட்டு, "நூல் கண்டு எத்தினி வாங்கட்டும்க்கா?" என்றான்.

ஒரு பெரியவர் வந்தது நினைவிருக்கிறது. செத்துப்போன பெண்டாட்டியின் முகத்தை நெஞ்சில் போடவேண்டும் என்று வந்தார். கையில் இருந்த போட்டோ ரேஷன் கார்டிலிருந்து போனில் எடுத்தது. கண் எது மூக்கு எது என்று கடவுளுக்குத்தான் தெரியும். முடியாது என்று சொல்லவேண்டிய வேலை. இவன் பண்ணிடலாம் என்றான். சாயங்காலம் வரை போட்டான். முடிந்ததும் கண்ணாடிக்காக அவரை என் பக்கம் கூட்டி வந்தான். பார்த்தேன். நல்ல முகம்தான், ஆனால் டிவி சீரியலில் வருகிற யாரோ மாதிரி இருந்தது. பெரியவர் வெகுநேரம் பார்த்தார். "மூக்கு இன்னும் கொஞ்சம் பெருசு அவளுக்கு. பரவால்ல" என்றார். பிறகு அங்கேயே நின்று அழுதார். இவனும் கூட நின்று அழுதான். நான் போய் இரண்டு பேருக்கும் டீ சொன்னேன். இப்படி ஒருத்தன்மேல் எப்படி எரிச்சல்படாமல் இருப்பது, எப்படிப் பாசம் வைக்காமல் இருப்பது, எனக்குத் தெரியவில்லை.

வயர்லெஸ் மிஷின் வாங்கு என்று அவன் உயிரை எடுத்தது நான்தான். என் டிரையருக்காகத்தான், வேறு பெரிய மனசெல்லாம் இல்லை. அவனுக்கும் ஆசை இருந்தது. மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளுவான். அதையெல்லாம் ப்ளைவுட் வழியாகக் கேட்டுக் கேட்டு எனக்கே பாதி பாடம் ஆகிவிட்டது. ஊசி ஒவ்வொரு குத்துக்கும் எவ்வளவு தூரம் போய்த் திரும்புகிறது என்பதுதான் ஸ்ட்ரோக். ஸ்ட்ரோக் நீளமாக இருந்தால் அழுத்தமாகக் குத்தும், கோடு இழுக்க அது. குட்டையாக இருந்தால் மெத்தென்று குத்தும், முகத்துக்கு நிழல் கொடுக்க அது. பேட்டரி வாலில் இருப்பதால் சில மிஷின் பின்பக்கம் சாயும், மணிக்கட்டு போய்விடும். பிடி தடித்தால் சிலர் கைக்குச் சுகம், சிலர் கைக்கு நரகம். எந்த வீடியோவாக இருந்தாலும் கடைசியில் ஒன்றைத்தான் சொல்லும்: முதலில் உங்கள் ஸ்டைல் என்ன என்று முடிவு பண்ணுங்கள், பிறகு மிஷினைத் தேடுங்கள்.

சென்னைக் கடைக்காரரும் போனில் அதையேதான் கேட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்தான். கோடு அதிகம் போடுவீர்களா, நிழலா, கலரா, முகமா, உங்கள் ஸ்டைல் என்ன? இவன் போனைக் கையால் பொத்திக்கொண்டு சந்துக்கு வந்து, "அக்கா, என் ஸ்டைல் இன்னாக்கா?" என்று என்னைக் கேட்டான். என் நாற்காலியில் இருந்தவள் புருவத்தில் நூலை வைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். யார் என்ன கேட்டாலும் தலையாட்டுவதுதான் உன் ஸ்டைல், அதையே சொல் என்றேன். அவன் அதைத்தான் கொஞ்சம் மாற்றிச் சொன்னான். "எல்லாமே பண்ணுவேண்ணே."

எல்லாமே பண்ணுகிறவனுக்கு எதை வேண்டுமானாலும் தள்ளிவிடலாம் இல்லையா. தள்ளிவிட்டார். வந்தது ஒரு குண்டு மிஷின், நீள ஸ்ட்ரோக், உலக்கைப் பிடி. கோடு பிரமாதமாக விழுந்தது. ஆனால் இவனுக்கு வருகிற வேலையில் பாதி, செத்துப்போன நைனா முகமும் அம்மா முகமும்தானே. அந்த மிஷினில் முகம் போட்டால் தோல் கொத்திப்போட்ட மாதிரி ரணமாகும். இவனும் மணிக்கட்டில் கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு திரிந்தான். திருப்பிக் கொடுடா என்றால், கடைக்காரர் சங்கடப்படுவாராம்.

கடைசியில் நானே போன் பண்ணிச் சண்டை போட்டு, ஒரு திங்கட்கிழமை கடையைச் சாத்திவிட்டு அவனை பஸ்ஸில் ஏற்றிச் சென்னைக்குக் கூட்டிப்போனேன். அங்கேயும் எதைக் கையில் கொடுத்தாலும் "நல்லா இருக்குதுண்ணே" என்றான். கத்தரிக்கோல் வாங்கினால் நான் விரலில் மாட்டி வெறும் காற்றையாவது நறுக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டேன். கடைக்காரரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, இப்போது யாருமில்லை, யாரும் சங்கடப்படமாட்டார்கள், ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார் என்றேன். பார்த்தான். பேனா மாதிரி ஒன்று இருந்தது. கழுத்தில் ஒரு வளையம், அதைத் திருகினால் ஸ்ட்ரோக் நீளும், குறையும். அதைப் பிடித்துக் காகிதத்தின்மேல் சும்மா ஓட்டியவன் முகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. "இது கையில இருக்கறதே தெரியலக்கா" என்றான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் அவன், "யாரு இன்னா கேட்டாலும் இந்த ஒன்னுலயே பண்ணிடலாம்" என்று சேர்த்துக்கொண்டான். தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆனால் அந்த மிஷின் வந்த பிறகுதான் ஒரு அதிசயம் நடந்தது. ஒருநாள் மூக்குமுட்டக் குடித்துவிட்டு ஒரு ஆள் வந்து, மகள் பேரை நெற்றியில் எழுதச் சொன்னான். பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு ஒரு பெண்ணுக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். பண்ணிடலாம் என்று சொல்லித் தொலைக்கப்போகிறானே என்று பயம். அந்தப் பக்கம் மேசைமேல் எதையோ எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "சார்ஜ் இல்லண்ணே. நாளைக்கு வாங்க" என்றான். குடிகாரன் முனகிக்கொண்டே இறங்கிப் போய்விட்டான். நாளைக்கு அவன் வரவும் இல்லை.

வயர் மிஷினில் இந்தப் பொய்க்கு வழியில்லை. சுவரில் கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று என் ஃபேனைப் பார்த்தாலே தெரியும். பேட்டரிக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அன்றிலிருந்து அவனுக்கு வாய் முளைத்தது. ப்ளஸ் டூ பசங்க வந்தால் சார்ஜ் இல்லை. நேற்று சண்டை போட்டு இன்றைக்குச் சேர்ந்த காதலர்கள் வந்தால் சார்ஜ் இல்லை. அவனிடம் இரண்டு பேட்டரி உண்டு. ஒன்று எப்போதும் காலியாக மேசைமேல் கிடக்கும், காட்டுவதற்கு. நிறைந்தது என் டிராயரில் நூல் கண்டுகளுக்கு அடியில் இருக்கும். மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவனுக்குப் பதிலாக ஒரு பேட்டரி சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு அது வேடிக்கையாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

அப்புறம்தான் மாடிக்காரர் மகன் தன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தான். குவைத்தில் வேலை, லீவு முடிந்து கிளம்பப்போகிறான். அந்தப் பெண் எனக்கு ஏற்கெனவே பழக்கம். மண்டகப்பட்டுப் பக்கம் ஊர். கல்யாணத்துக்கு முன்பு ஒரு மெடிக்கல் ஷாப்பில் நின்றவள். கல்யாணத்தோடு அதை நிறுத்திவிட்டார்கள். மாதம் ஒருமுறை புருவத்துக்கு வருவாள், வாய் மூடாமல் பேசுவாள், நூல் பட்டால் வரிசையாகத் தும்முவாள், தும்மிக்கொண்டே சிரிப்பாள். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு புருஷன் பின்னால் வந்தாள். என்னைப் பார்த்தும் பேசவில்லை.

தன் பேரை அவள் கையில் எழுதவேண்டும் என்றான் அவன். சின்னதாக இல்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும், எழுத்துத் தடிமனாக, பஸ்ஸில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் படிக்க வருகிற மாதிரி. நான் ஊரில் இல்லாத நேரத்தில் பார்க்கிறவனுக்கெல்லாம் தெரியட்டும் என்று சிரித்தான். பேச்சு விளையாட்டுப் போல இருந்தது. அவன் அவள் கையைப் பிடித்திருந்த பிடி விளையாட்டாக இல்லை.

"சார்ஜ் இல்லண்ணே" என்றான் நம்ம ஆள்.

"ஏறட்டும். எங்களுக்கு இன்னா வேலை" என்று மாடிக்காரர் மகன் என் சோபாவில் உட்கார்ந்துவிட்டான்.

இப்படி ஒரு பதிலை எங்கள் பொய் எதிர்பார்த்திருக்கவில்லை. காலி பேட்டரியைச் சார்ஜில் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. சின்னதாய் ஒரு சிவப்பு லைட் எரிந்தது. அது பச்சையாக மாறக் காத்துக்கொண்டு நாலு பேரும் அந்த மாடியில் இருந்தோம். புருஷன் போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். இவன் பின்னறையில் ஊசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான். நிறைந்த பேட்டரி கிடந்த டிராயருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் நின்றேன். எழுந்து போக யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை.

அந்தப் பெண் தண்ணீர் கேட்டாள். திரைச்சீலைக்குப் பின்னால் சந்துக்குக் கூட்டிப்போய்க் கொடுத்துவிட்டு, இஷ்டமில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லேன்மா என்றேன். அவள் தண்ணீரைக் குடித்து முடித்தாள். புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"எழுதினா ஊருக்குக் கெளம்பிடுவாருக்கா. எழுதலன்னா டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டு இங்கயே இருந்துடுவேன்றாரு. அவரு போவணும்க்கா. எழுதச் சொல்லுங்க."

கண்ணில் தண்ணீர்கூட இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்து விடை சொல்வது மாதிரி சொன்னாள். ப்ளைவுட்டுக்கு அந்தப் பக்கம் இவன் நின்றிருந்தான், கேட்டிருப்பான். நான் போய் டிராயரைத் திறந்து, நூல் கண்டுகளைத் தள்ளி, நிறைந்த பேட்டரியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். இருக்குதுன்னு முன்னாடியே சொல்றதுக்கு இன்னா என்று சோபாவிலிருந்து குரல் வந்தது. இவன் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. சித்தப்பா வீட்டில் தட்டு வரும்வரை உட்கார்ந்திருந்த பையன் இப்படித்தான் பார்த்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குள் எனக்கு அந்த மிஷினின் சத்தமெல்லாம் அத்துப்படி. கோடு இழுத்தால் ஒரு சத்தம், நிழல் கொடுத்தால் வேறு. அன்றைக்குத் தடித்த எழுத்து எழுதும்போது வரவேண்டிய சத்தம் வரவேயில்லை. கடைசிவரை மெத்தென்ற முனகல்தான். அவளிடமிருந்து ஒரு ஸ்ஸ் கூட எழவில்லை. முடிந்து வெளியே வந்தபோது கை முழுக்கக் கருகருவென்று பேர். புருஷன் நாலு கோணத்தில் போட்டோ எடுத்தான், இவன் தோளில் தட்டிக்கொடுத்தான், சொன்னபடி சில நாளில் விமானம் ஏறினான்.

அடுத்த மாதம் புருவத்துக்கு வந்தவள் கையை நீட்டிக் காட்டினாள். பொருக்கு உதிர்ந்தபோது பேரும் கூடவே உதிர்ந்திருந்தது. அங்கங்கே கொசு கடித்த மாதிரி சில புள்ளிகள், அவ்வளவுதான். பயந்துபோயிருந்தாள். இவன் சந்துக்குள் நின்றபடி, வேண்டுமென்றேதான் செய்தேன் என்றான். வளையத்தைத் திருகி ஸ்ட்ரோக்கைக் குறைத்து, ஊசியை மேல் தோலோடு நிறுத்திக்கொண்டானாம். மை உள்ளே இறங்கவில்லை என்றால் தோல் உரியும்போது அதுவும் உரிந்துவிடுமாம். வேலை தெரிந்த எவனும் செய்யக் கூசுகிற காரியம். அந்தப் பெண் கையைத் தடவிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், தும்மாமலே அப்படிச் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சிரித்து முடித்த பிறகுதான் வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. குவைத்தில் வெள்ளி லீவு. புருஷன் வாரம் தவறாமல் வீடியோ காலில் வருவான், கையைக் காட்டச் சொல்வான். இதுவரை பொருக்கு என்று கட்டுப்போட்டுச் சமாளித்திருக்கிறாள். இனி?

பச்சை குத்துமுன் படத்தைத் தோலில் ஒற்றியெடுக்க ஒரு பேப்பர் உண்டு, கார்பன் பேப்பர் மாதிரி. ஈரம் தடவி ஒட்டி உரித்தால் ஊதாவாகப் படம் விழும், சோப்புப் போட்டுத் தேய்த்தால் போய்விடும். போனில் பார்த்தால் ஊதாவுக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் யாருக்குத் தெரியப்போகிறது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை காலையில் அவள் என் கடைக்கு வருவாள், இவன் பேரை ஒட்டிவிடுவான், வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டுக் கழுவிக்கொள்வாள். அந்த அறைக்கதவு திறந்தே இருக்கும், நான் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். ஊர் வாயைப்பற்றி எனக்குத் தெரியாதா? காதல் கீதல் என்று நீங்களும் எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவன் அவள் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டான். கையை மட்டும்தான் பார்ப்பான்.

பெங்களூரில் ஒரு பெரிய கடையிலிருந்து அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவன் போட்ட முகங்களைப் போனில் பார்த்துவிட்டுத்தான். நல்ல சம்பளம், ஜன்னல் வைத்த அறை. இவன் ஒவ்வொரு தடவையும், "அடுத்த மாசம் வந்துடறேண்ணே" என்பான். அடுத்த மாதமும் வெள்ளிக்கிழமை வரும். தொட்டால் அழிகிற ஒரு பேருக்காக மூன்று பேரும் அந்த மாடியில் கட்டிப்போட்ட மாதிரிக் கிடந்தோம். எனக்கு வெள்ளிக்கிழமைகளில் வெளியூர்க் கல்யாண ஆர்டர்களை எடுக்க முடியாமல் போயிற்று. வாய்விட்டுத் திட்டியும் இருக்கிறேன். வராதே என்று மட்டும் அவளிடம் சொல்ல மனசு வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் வந்து வழக்கம்போல் கையை நீட்டினாள். இவன் பேப்பரை எடுத்தான். வேண்டாம் என்றாள்.

"அடுத்த வாரம் அவரு வராரு அண்ணா. நேர்ல பாத்தா தெரிஞ்சிடும். இந்த வாட்டி அழுத்தமா போட்டுடுங்க."

பண்ணிடலாம் என்ற வார்த்தைக்காக நானும் அவளும் காத்திருந்தோம். அவன் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"மாட்டேன்மா" என்றான்.

அவளுக்குப் புரியவில்லை. "சார்ஜ் இல்லியா?"

"இருக்குது. ரெண்டும் ஃபுல்லா இருக்குது. நான் போட மாட்டேன்."

அவள் முகம் மெல்ல மாறியது. "ஊர்ல எல்லாருக்கும் பண்ணிடலாம், பண்ணிடலாம்னு சொல்றீங்க. எனக்கு மட்டும்தான் மாட்டேனா? அப்ப என்ன இன்னா பண்ணச் சொல்றீங்க?"

அவன் பேப்பரை மடித்து மேசைமேல் வைத்தான். அவள் என்னைப் பார்த்தாள். தலைப்பை இழுத்துக் கையை மூடிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வாழ்நாள் முழுக்க வாயில் வராத வார்த்தையைச் சொல்ல உனக்கு இவள்தான் கிடைத்தாளா என்று கத்தினேன். கபடிப் பசங்களிடம் சொல்லியிருக்கலாமே, மாடிக்காரரிடம் சொல்லியிருக்கலாமே. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். "என் கையால வேணாம்க்கா" என்றான். அது நியாயமா, சுயநலமா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டும்தான் என்று சில நாள் தோன்றும். அந்த வாரமே மிஷினையும் பேட்டரிகளையும் பையில் போட்டுக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறிவிட்டான். மாடிக்காரரிடம் மட்டும் கடைசிவரை சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் இருக்கச் சொல்லுவார், இவன் இருந்துவிடுவான், அவனுக்கே தெரியும்.

எப்போதாவது போன் பண்ணுவான். இப்போது பூவும் கொடியும் மட்டும்தான் போடுகிறானாம், மெல்லிசு வேலை. அதற்கென்றே குட்டை ஸ்ட்ரோக் மிஷின் ஒன்றைத் தானே தேர்ந்தெடுத்து வாங்கியிருக்கிறானாம். அந்தக் கடையில் பேர் எழுதுவதில்லை என்று போர்டே வைத்திருக்கிறார்களாம். எல்லாம் சொல்லி முடிப்பான். பிறகு அந்தப் பெண்ணைப்பற்றிக் கேட்பான்.

போன வாரமும் கேட்டான். போன் ஸ்பீக்கரில் இருந்தது, என் இரண்டு கையிலும் நூல். நாற்காலியில் அவள்தான் சாய்ந்திருந்தாள். அவள் கையில் புருஷன் பேர் இருந்தது, அவன் வந்து இறங்கும்முன் அவளே திண்டிவனம் போய் எவனிடமோ குத்திக்கொண்டு வந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, கோணல்மாணலாக, ஓரமெல்லாம் மை கசிந்து, தழும்பு தடித்துக் கிடந்தது. புருஷன், மங்கியதை மறுபடி குத்தியிருக்கிறாள் என்று நம்பி, முன்னைவிட நன்றாக இருக்கிறது என்றானாம். திரும்பக் குவைத் போய்விட்டான். இவள் வாயாடுவதில்லை. நூல் பட்டால் தும்மல் மட்டும் வருகிறது.

"அந்தப் பொண்ணு கையில பேரு இருக்குதாக்கா?" என்றான் அவன்.

"இல்லடா. வெறும் கைதான்" என்றேன்.

அந்தப் பக்கம் அவன் மூச்சு விட்டது கேட்டது. அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். கை வைக்கும் கட்டையில் கிடந்த கையை எடுத்து, மேலே போர்த்தியிருந்த துணிக்குள் வைத்துக்கொண்டாள்.